நீளக் கை வைத்த சட்டை

எங்கள் ஆபீஸ் சுவரில் அந்த நவம்பர் முழுக்க ஜப்பானிய இளைஞர்களின் படங்கள் ஒட்டியிருந்தன. டோக்கியோ தெருக்களில் எடுத்தவை. இளஞ்சிவப்புத் தலைமுடி, ஒரு காலில் கோடு போட்ட சாக்ஸ், மறு காலில் புள்ளி போட்டது, பள்ளிச் சீருடைக்கு மேல் யாருடையதோ தொளதொள கோட்டு, கன்னத்தில் ஒட்டிய ஜிகினா நட்சத்திரங்கள். அவற்றுக்கு நடுவே, பனி பெய்யும் ஒரு வாசலில், பட்டுக் கிமோனோ உடுத்தி வரிசையாக நின்ற பெண்களின் படம் ஒன்று. அந்தக் கிமோனோக்களின் கைகள் கணுக்கால் வரை தொங்கின. அங்கே இருபது வயதானவர்களை ஊர் கூடி வரவேற்கும் நாள் ஒன்று ஜனவரியில் வரும். அன்று எடுத்த படம்.

நான் அமெரிக்காவில், ஃப்ரீமாண்டில் ஒரு சின்ன கம்பெனியில் துணிக்கு டிசைன் வரைகிறவள். பதின்வயதுப் பெண்களுக்கான ஜாக்கெட், ஸ்கர்ட், பை இவைதான் எங்கள் சரக்கு. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மில்பிடாஸுக்கு வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. முதல் எட்டு வருடம் என் விசாவில் வேலை செய்ய முடியாது. சென்னையில் நாலு வருடம் துணி வடிவமைப்பு படித்தவள், அந்த எட்டு வருடமும் மளிகைச் சீட்டின் ஓரத்தில், பிறகு மகளின் ஹோம்வொர்க் தாள்களின் ஓரத்தில்தான் கொடி வரைந்தேன். அதனால் இந்த வேலை மேல் எனக்கு இன்றும் கொஞ்சம் பயம் கலந்த ஆசை உண்டு. யாராவது வந்து தட்டி எழுப்பிவிடுவார்களோ என்று இருக்கும்.

எங்கள் டிசைன் டைரக்டர் ஓர் அமெரிக்கப் பெண். படங்களின் முன்னால் நின்று, அடுத்த கலெக்‌ஷனின் விஷயம் "கமிங் ஆஃப் ஏஜ்" என்றாள். எனக்குள் அது உடனே தமிழில் போய் விழுந்தது. வயசுக்கு வர்றது. நோட்டில் எதையோ குறிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

இரண்டு வாரம் வரைந்தேன். செர்ரிப் பூ, விசிறி, கொக்கு, அலை. வண்ணமெல்லாம் நன்றாகத்தான் வந்திருந்தது. எங்கள் கம்பெனியில் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் போடுகிறவள் ஒரு ஜப்பானியப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அதிகம் பேசமாட்டாள். மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். என் லெமன் சாதத்தில் பாதி அவளுக்கு, அவளுடைய ஊறுகாய் முள்ளங்கியில் பாதி எனக்கு. அவளும் நானும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். என் மனதில் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

வரைந்தவற்றை அவளுடைய மேஜையில் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. ஏர்போர்ட் கடையில இருக்கிற மாதிரி இருக்கு."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் அதைக் கவனித்து, சுவரிலிருந்த பனிப் படத்தைக் காட்டினாள்.

"பூவைப் பாத்து வரைஞ்சிருக்க. அந்தப் பொண்ணுங்களை நீ பாக்கவே இல்லையே."

பிறகு, முள்ளங்கியை மென்றபடி, தன் மகளுக்கும் இந்த வருடம் இருபது என்றாள். சான் ஹோசேயின் ஜப்பானியத் தெருவில் சில குடும்பங்கள் சேர்ந்து ஜனவரியில் ஒரு சின்ன விழா வைக்கிறார்கள், வா என்றாள்.

என் மகளுக்கு அப்போது பத்தொன்பது. டேவிஸில் காலேஜ், குளிர்கால விடுமுறைக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஜப்பானிய உடை, ஜப்பானிய ஸ்டிக்கர், பேனா என்று பைத்தியம். கேட்காமலே சாவியை எடுத்துக்கொண்டாள். "ஐ'ம் டிரைவிங்."

அன்றைக்குக் காலையில் பே ஏரியாவில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. 880 ஃப்ரீவேயில் முன்னால் போகும் வண்டிகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் மிதந்தன. அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோதும் மூட்டம் விலகவில்லை. காரை நிறுத்திவிட்டு நடந்தோம். எதிரே ஒன்றுமில்லாத வெளுப்பிலிருந்து முதலில் ஒரு சிவப்பு வந்தது. பிறகு நீலம். பிறகு, பழுத்த ஆரஞ்சு. ஆட்கள் தெரியவில்லை, கிமோனோக் கைகள் மட்டும்தான் தெரிந்தன. தண்ணீருக்குள் அசைகிற மாதிரி, தாமதமாக, அவர்கள் நடந்த பிறகு நடந்து வந்தன அந்தக் கைகள். என் மகள் என் முழங்கையைப் பிடித்தாள். இருவரும் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டோம்.

கூடத்தில் மடக்கு நாற்காலிகள், ஒரு பெரிய டீ டிரம், காகிதக் கோப்பைகள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ அம்மாவோ வேறு நாடு. பேட்டர்ன் போடும் என் தோழியின் மகள் தலையின் ஒரு பக்கத்தை ஒட்ட வெட்டி, மறு பக்கத்துக்கு நீலம் அடித்திருந்தாள். சிவப்புக் கிமோனோ, பொன்னிற இடுப்புப்பட்டை, கீழே கறுப்பு பூட்ஸ். அந்தக் கிமோனோ என் தோழி தன் இருபதாம் வயதில் உடுத்தியது.

"இவ்வளவு நீளக் கை கல்யாணம் ஆகாதவங்களுக்கு மட்டும்தான்," என்று என் காதருகே சொன்னாள். "கல்யாணம் ஆனா வெட்டிச் சின்னதாக்கிடுவாங்க. என்னோடதையும் வெட்டச் சொன்னாங்க. நான் பொட்டியில போட்டு இங்க கொண்டுவந்துட்டேன்."

"பூட்ஸ் போட்டா ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"சொல்வாங்க. அவ கேக்கமாட்டா."

ஒரு பெரியவர் எழுந்து ஐந்து நிமிடம் பேசினார். இதுவரை உங்களைப் பார்த்துக்கொண்டோம், இனி நீங்களும் எங்களோடு சேர்ந்து இந்த ஊரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான். உடம்பைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஒவ்வொருவராக எழுந்து குனிந்து வணங்க, மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கியது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை. டீயை ஊதிக் குடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டேன்.

விழா முடிந்து வெளியே வந்தால், நாலு பெண்கள் நடைபாதை ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் தின்றுகொண்டிருந்தார்கள். நீளக் கைகளைச் சுருட்டி, தூங்கும் பூனையை வைத்திருப்பது போல மடியில் வைத்திருந்தார்கள். ஒருத்தி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டு போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். ஹூடி போட்ட என் மகள் அவர்களோடு போய் உட்கார்ந்தாள். என் தோழியின் மகள் தன் சிவப்புக் கையின் நுனியை எடுத்து அவள் முழங்கால் மேல் போட்டாள், குளிருக்குப் போர்த்துகிற மாதிரி. நான் நிகழ்ச்சி அட்டையின் பின்பக்கத்தில் வரையத் தொடங்கினேன். அட்டை தீர்ந்ததும் காகிதக் கோப்பையில் வரைந்தேன்.

திரும்பி வரும்போது மூட்டம் கலைந்திருந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் மகள் ரேடியோவை நிறுத்தினாள். அவளுக்குத் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அவள் சொன்னதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

"அம்மா, எனக்கு நீ என்ன பண்ணின?"

"எதுக்கு கண்ணு?"

"மிடில் ஸ்கூல்ல. எனக்கு முதல் பீரியட் வந்தப்போ."

"ஒண்ணுமே பண்ணலையே," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அது வந்தபோது, நாட்டின் மறுகோடியில் ஐசலினில் இருக்கும் கணவரின் அக்கா சேலையும் வளையலும் எடுத்து அனுப்புகிறேன், ஹால் புக் பண்ணு என்றார். ஊரிலிருந்து என் அம்மா போனில் அழுதாள். நான் அசையவில்லை. என் மகளை யாரும் மணையில் உட்கார வைக்கக் கூடாது. அதில் நான் ஜெயித்ததாகவே ஏழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எக்ஸாக்ட்லி," என்றாள் மகள். சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "பாத்ரூம் கதவு வழியா ஒரு பாக்கெட்டைக் குடுத்த. யார்கிட்டயும் சொல்லாதேன்ன. அப்புறம் ஆபீஸ் போயிட்ட. அப்பா ஒரு வாரம் என் மூஞ்சியைப் பாக்கல. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சேன்."

"அய்யோ, அப்படி இல்ல சாமி."

"எனக்குப் பன்னெண்டு வயசும்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஃப்ரீவேயிலிருந்து காலவெராஸ் சாலைக்கு வண்டியை இறக்கினாள், ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பாமல் மலைப் பக்கமாகத் திருப்பினாள். வருடத்தில் பத்து மாதம் வைக்கோல் நிறத்தில் கிடக்கும் குன்றுகள், மழைக்குப் பிறகு ஜனவரியில் நம்ப முடியாத பச்சையாகிவிடும். கனவில் யாரோ வண்ணம் அடித்துவிட்டுப் போனது போல இருக்கும். வளைவில் ஓர் அகலமான இடம் பார்த்து வண்டியை நிறுத்தினாள். கீழே ஊர் முழுக்க வெயிலில் வெள்ளையாக மினுங்கியது. சரிவில் நாலு மாடுகள் அசையாமல் நின்றன.

அங்கேதான் அவளிடம் முதல் முறையாகச் சொன்னேன். எனக்கு அப்போது பதிமூன்று. பதினோரு நாள் மாடிப்படிக்குக் கீழே உட்கார வைத்தார்கள், தட்டு தனி, டம்ளர் தனி. பிறகு சடங்கு, எங்கள் பக்கம் அதைச் சீர் என்போம். பத்திரிகை அடித்தார்கள், அதில் என் பெயர் தடித்த எழுத்தில். வீட்டு வாசலில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, விடிந்ததிலிருந்து பாட்டு. எங்கள் வகுப்புப் பையன்கள் சைக்கிளில் மூன்று முறை தெருவைச் சுற்றினார்கள். கணக்கு வாத்தியார் குடும்பத்தோடு வந்து மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை வகுப்பில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர், சும்மாதான் சிரித்திருப்பார். ஆனால் அந்த வருடம் முழுக்க நான் அவருடைய வகுப்பில் ஒரு கேள்விக்கும் எழுந்து பதில் சொல்லவில்லை.

"உனக்கு அது நடக்கக் கூடாதுன்னுதான் கண்ணு, யாருக்கும் சொல்லாம இருந்தேன். உன்கிட்டயும் பேசாம விட்டுட்டேன். அதான் தப்பாயிடுச்சு."

மகள் ஸ்டீரிங்கை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு மைக் செட்டு," என்றாள். "எனக்கு மியூட்டு."

முதலில் அவள் சிரித்தாள், பிறகு நான். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. அவள் கார் சீட்டுகளுக்கு நடுவே எட்டி என்னைக் கட்டிக்கொண்டாள். சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. அது அவள் கழுத்தை இறுக்க, இருவரும் மறுபடி சிரித்தோம்.

அன்று மதியமே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். பூ வரையவில்லை, கொக்கும் இல்லை. நீளக் கைகளை வரைந்தேன். மடியில் சுருண்ட கை. ஃப்ரைஸ் பொட்டலம் பிடித்த கை. முதுகில் முடிச்சுப் போட்ட கை. இன்னொருத்தியின் முழங்காலைப் போர்த்தும் கை. ஒன்றின் மடிப்பு எனக்குச் சரியாக வராதபோது, மகள் படுக்கை விரிப்பு இரண்டை எடுத்து வந்து தோள்களில் பின் குத்திக்கொண்டு ஹாலில் நடந்து காட்டினாள். ஆபீஸ் போன் பேச்சை முடித்துக் காபிக்கு வந்த கணவர், கையில் கப்போடு சுவர் ஓரமாக ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டார்.

அடுத்த வாரம் அவற்றை முதலில் என் தோழியின் மேஜையில் வைத்தேன். இந்த முறை நிதானமாகப் பார்த்தாள். ஒன்றில் விரலை வைத்தாள்.

"இது என் பொண்ணு."

"ஆமா. போடலாமா? நீயும் அவளும் வேண்டாம்னா எடுத்துடறேன்."

"பூட்ஸ் லேஸ் அவுந்திருக்கு."

"அன்னைக்கு அவுந்துதான் இருந்துச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் மகளைக் கேட்டுச் சொன்னாள், ஒரு ஜாக்கெட் கொடுத்தால் சரியாம்.

டைரக்டருக்கு அந்தப் பிரிண்ட் பிடித்திருந்தது. நிஜமாகவே நீளக் கை வைத்து ஒரு ஜாக்கெட் தைக்கலாம் என்று நாங்கள் சொன்னதற்கு மட்டும் தலையாட்டவில்லை. பள்ளிக்கூட லாக்கரில் மாட்டிக்கொள்ளும் என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். பிரிண்ட் ஜாக்கெட்டின் உள்துணியாகப் போயிற்று. ஜாக்கெட்டில் தொங்கும் டேகில் என்ன எழுதுவது என்று பேச்சு வந்தபோது, "டோக்கியோ கனவு" என்று யாரோ சொன்னார்கள். எப்போதும் பேசாத என் தோழி வாயைத் திறந்தாள். "இது டோக்கியோ இல்ல. சான் ஹோசே. ஒரு நடைபாதை." அப்படியே எழுதினோம், சான் ஹோசேயில் ஒரு ஜனவரி நாளில் வரைந்தது என்று. ஜாக்கெட் ஓரளவுக்கு விற்றது. பெரிய பெயர் எதுவும் வரவில்லை. ஒரு முறை ஃப்ரீமாண்ட் மாலில், முன்பின் தெரியாத ஒரு சிறுமி அதைக் கழற்றி உள்பக்கத்தைத் தன் தோழிக்குக் காட்டுவதைப் பார்த்தேன். அவள் போகும் வரை அங்கேயே நின்றேன்.

நீளக் கையை எங்களால் மறக்க முடியவில்லை. கோடையில் மதிய இடைவேளைகளில் தோழியும் நானும் ஒரே ஒரு சட்டை செய்தோம். அவள் பேட்டர்ன் போட்டாள். கிமோனோ மாதிரி இருக்கக் கூடாது, அது எங்களுடையது, உன் மகளுக்கு உன் மகளுடையது வேண்டும் என்று சொல்லி, சாதாரண சட்டை உடம்பில் முழங்கால் வரை இறங்கும் கைகளை மட்டும் வைத்தாள். என்ன பிரிண்ட் வேண்டும் என்று மகளுக்கு மெசேஜ் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. குழாய் ஸ்பீக்கர். நிறைய. மஞ்சள் நிறத்தில்.

அக்டோபரில் அவளுக்கு இருபது ஆயிற்று. சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தாள். யாரையும் கூப்பிட வேண்டாம், அந்த ஆன்ட்டி மட்டும் வரட்டும் என்றாள். தோழி மகளோடு வந்தாள், ஒரு பெட்டி நிறைய ஆரஞ்சு நிறப் பெர்சிமன் பழத்தோடு. சட்டை மடித்து வைத்ததில் கசங்கியிருந்தது. என் கணவர் தன் சட்டைகளைத் தானே இஸ்திரி போடுகிறவர். அந்தச் சட்டையை வாங்கி, இரண்டு கைகளையும் விரித்து, சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல், பலகையில் நகர்த்தி நகர்த்தி இருபது நிமிடம் தேய்த்தார். ஸ்பீக்கர் படங்களின் மேல் மட்டும் பெட்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார்.

மகள் போட்டுக்கொண்டு வந்து ஹால் நடுவில் நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தோம். அவரும் பார்த்தார், நேராக, முகத்தை.

"நல்லா இருக்கு சாமி," என்றார். பிறகு இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றிக்கொண்டே, "அப்ப எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல. நீ தப்பு பண்ணிட்டதா நினைச்சேன்னு உங்கம்மா இப்பத்தான் சொன்னா," என்றார்.

"இட்ஸ் ஓகேப்பா."

"ஓகே இல்ல. பேசியிருக்கணும்."

அவள் போய் அவர் மேல் சாய்ந்தாள். மஞ்சள் கைகள் இரண்டும் அவர் முதுகில் தொங்கின. என் தோழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பழத்தை நறுக்கினாள்.

மாலை நாலு மணிக்கு இரண்டு பெண்களும் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் சிநேகிதிகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். நானும் கணவரும் மில்பிடாஸ் ரயில் நிலையம் வரை கொண்டுபோய் விட்டோம். எஸ்கலேட்டரில் ஏறும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பேசிக்கொண்டே போனாள். மஞ்சள் நிறம் மேலே போய் வெளிச்சத்தில் கரைந்தது. இருவரும் காருக்குத் திரும்பினோம்.

"நாம எப்ப பெரியவங்க ஆனோம்?" என்றார் திடீரென்று.

"நீங்க சொல்லுங்க மொதல்ல."

"கல்யாணம் முடிஞ்சு நீ வர்றதுக்கு முன்னாடி, நான் இங்க வந்த ரெண்டாவது வாரம். நூத்திமூணு காய்ச்சல். கடையில போய் நிக்கறேன், ஒரு சுவர் முழுக்க மாத்திரை. எதை எடுக்கறதுன்னு கேக்க ஒரு ஆள் இல்ல. ஏதோ ஒண்ணை எடுத்துட்டு வந்து போட்டுக்கிட்டுப் படுத்தேன். அன்னைக்குத்தான்னு நினைக்கிறேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க."

"சொன்னா நீ அங்க அழுவ." சாவியைத் திருகினார். "உனக்கு எப்ப?"

யோசித்துப் பார்த்தேன். பதிமூன்றில் இல்லை, அது நிச்சயம். கல்யாணத்திலும் இல்லை, விமானம் ஏறியதிலும் இல்லை. மலை மேல் அந்தக் காருக்குள்ளாக இருக்கலாம். அதுவும் சரியாகப் படவில்லை.

"எனக்கு இன்னும் தெரியலீங்க," என்றேன்.

"அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லு," என்றார். போகிற வழியில் கடையில் நிறுத்திப் பாலும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.